குரலுக்கு அடித்த துக்க மணி

நெடுந்துறையில் ஜெனோவாவின் தொண்டைக்குள் திமிங்கலத்தின் குரல் வந்து குடியேறியது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பூசை முடிந்து பெண்கள் வீடு திரும்பி இட்லிப் பானையை இறக்குகிற நேரத்தில். அவளுடைய மகள் அன்சிலாவுக்கு அப்போது மூன்று மாதம். தொட்டிலில் பிள்ளை சிணுங்கியது, ஜெனோவா வழக்கம்போல "வந்துட்டேன் தங்கம்" என்று சொல்ல வாயைத் திறந்தாள், வந்தது அந்தச் சொல் இல்லை. அது காதுக்குக் கேட்கிற சத்தமே இல்லை. முழங்காலில் கேட்டது, பல்லின் வேரில் கேட்டது, பிள்ளை பெற்றவர்களுக்கு அடிவயிற்றில் கேட்டது. அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓரத்துக்கு நகர்ந்தன, முற்றத்துக் கோழிகள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டன, தெருவில் இருந்தவர்கள் நிலம்தான் நடுங்குகிறது, பின்னாலேயே கடலும் வந்துவிடும் என்று பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கோயில் மேட்டுக்கு ஓடினார்கள். மேட்டில் நின்று திரும்பிப் பார்த்தால் கடல் அதன் பாட்டுக்குக் கிடந்தது. வீட்டு வாசலில் ஜெனோவா மட்டும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

கப்பல் வந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. வெள்ளைக் கப்பல், பின்னால் பாம்பு பாம்பாக நீளமான கயிறுகளை இழுத்துக்கொண்டு, வயலில் ஏர் ஓட்டுகிற மாதிரி கோடு கோடாகப் போய் வந்தது. கடலுக்கு அடியில் பாறைக்குள் எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்கிறார்களாம். அதற்காகக் காற்றை அடைத்து அடைத்துத் தண்ணீருக்குள் வெடிப்பார்களாம். பத்து எண்ணி முடிப்பதற்குள் ஒரு அடி, மறுபடி பத்து, மறுபடி ஒரு அடி, ராவும் பகலும், ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து. கரையில் இருக்கிற நமக்குக் கேட்காது. குடத்துத் தண்ணீரில் வளையம் விழும், அவ்வளவுதான். ஆனால் தண்ணீருக்குள் துடுப்பை விட்டு அதன் கைப்பிடியில் காதை வைத்துக் கத்தாளை மீன் கத்துகிறதா என்று பார்த்து வலை போடுகிற எங்கள் ஆண்களுக்கு, அந்த நாற்பது நாளும் 'டும்' என்கிற ஒன்றைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. கத்தாளை கத்துவதை விட்டது. ஓங்கல் என்கிற டால்பின்கள் எங்கள் வல்லப் படகுகளோடு ஓடி விளையாடுவதை விட்டன. ஆமைகள் மாசம் தப்பிக் கரையேறி, முட்டையும் இடாமல், எதற்கு வந்தோம் என்று மறந்தவை போல மணலில் உட்கார்ந்திருந்தன.

இதில் எங்கள் பங்கும் உண்டு, மறைப்பதற்கில்லை. கப்பல் போகிற பாதையில் வலைகள் வந்துவிடாமல் விலக்க எங்கள் ஊர் வல்லங்களில் எட்டை நாள்கூலி பேசிக் காவலுக்கு எடுத்திருந்தார்கள். நாலு பக்கமும் காவல் வல்லம் நிற்காமல் கப்பல் அடிக்கக் கூடாது, அது அவர்களுடைய சட்டம். ஜெனோவாவின் புருஷன் தஸ்நேவிஸ் அந்த எட்டில் ஒரு வல்லத்தில்தான் சிவப்புக் கொடியைக் கட்டிக்கொண்டு போய் வந்தான்.

முதல் வாரம் வேடிக்கை பார்க்க ஆள் வந்தது. டவுனில் தொண்டை டாக்டர் லைட் அடித்துப் பார்த்து, வீக்கம்தான், உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்லுங்கள், எங்கே ஒரு தடவை 'ஆ' சொல்லும்மா என்றார். அவள் சொன்னாள். அவர் மூக்குக் கண்ணாடி மேசையில் விழுந்தது. உப்பைக் கொஞ்சம் கூடவே போட்டுக் கொப்பளியுங்கள் என்று எழுதிக் கொடுத்து அனுப்பினார். பங்குசாமியார் வந்து தீர்த்தம் தெளித்து, அவள் தலையில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். "பேய் இல்லம்மா," என்றார். "பேய்க்கு இவ்வளவு துக்கம் வராது."

அப்புறம் ஊர் பழகிக்கொண்டது. எதுக்குத்தான் பழகவில்லை நாம். பாத்திரங்களுக்கு நடுவில் துணியை மடித்து வைக்கப் பழகினோம். செபமாலையில் அவள் முறை வரும்போது மாதா சுரூபத்தை ஒருத்தி பிடித்துக்கொள்வாள், அவள் ஒரு மணியைச் சொல்லி முடிப்பதற்குள் மெழுகுவர்த்திச் சுடர் எல்லாம் ஒரே பக்கம் சாயும், பிறகு நிமிரும், நாங்கள் அடுத்த மணிக்குப் போவோம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் "ஜெனோவா மைனி பேசப் போவுது, உக்காரு உக்காரு" என்று கத்திக்கொண்டு தரையில் உட்காருவதை ஒரு விளையாட்டாக்கிக்கொண்டார்கள். சங்கு குளிக்கப் போய் இளவயதிலேயே இரண்டு காதும் போன கயித்தான், முப்பது வருசம் எந்தச் சத்தமும் அறியாதவன், அவள் பேசின அன்றைக்குத் தெருக்கோடியிலிருந்து எழுந்து வந்து, "யாரு என்னய கூப்புட்டது?" என்று கேட்டான். அதிலிருந்து தினமும் சாயங்காலம் அவர்கள் வாசலுக்கு எதிரே வந்து உட்காருவான். அவள் ஏதாவது சொன்னால் தலையாட்டுவான். "என்ன கேக்குதுலே உனக்கு?" என்று சைகையில் கேட்டால், "ஒரு பொம்பளை. யாரையோ தேடுது," என்பான்.

ஆனால் பிள்ளை பழகவில்லை.

அன்சிலா அம்மாவின் வாய் திறந்தாலே விறைத்துப்போனாள். வாய் மூடியிருந்தாலும் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். மார்பில் போட்டால் காம்பை நாக்கால் தள்ளிவிட்டு, வீட்டுக்குள் எல்லாப் பக்கமும் கண்ணை ஓட்டி, சொந்த அம்மாவின் மடியில் இருந்துகொண்டே அம்மாவைத் தேடினாள். புட்டிப் பால் கொடுத்தார்கள், கக்கினாள். கொழுந்தியாள் மார்பில் போட்டுப் பார்த்தார்கள், இரண்டு வாய் உறிஞ்சிவிட்டு அழுதாள். அழக்கூடப் பலம் குறைந்துகொண்டே வந்தது. நர்சம்மா வந்து எடை பார்த்துவிட்டு, "இப்படியே போனா சரியில்ல," என்றாள். ஜெனோவாவுக்குப் பால் கட்டிக் கல்லாகி, அதைப் பீய்ச்சிப் பூவரச மரத்தடியில் ஊற்றுவாள். ஊற்றும்போது உதட்டைக் கடித்துக்கொள்வாள், அழுதால் தெருவே நடுங்கும் என்று.

பத்தொன்பதாம் நாள் மத்தியானம் தஸ்நேவிஸ் கடலிலிருந்து அரைநாளிலேயே திரும்பி வந்து, சிவப்புக் கொடியை மணலில் போட்டுவிட்டு, அவன் அம்மா வியாகுலம்மாளின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"என்னலே?"

"ஜெனோவா பாடுதும்மா."

"எங்க?"

"கடலுக்கு அடியில."

கப்பல் ஒரு கோட்டின் முனைக்குப் போனால் அடுத்த கோட்டுக்குத் திரும்பக் கொஞ்ச நேரம் பிடிக்கும், அந்த நேரம் மட்டும் அடி நிற்கும். அந்த இடைவெளியில் இன்ஜினை அணைத்துவிட்டு, பழக்கத்தில் துடுப்பை விட்டுக் காதை வைத்திருக்கிறான். கத்தாளை இல்லை. ஒரு பெண்ணின் தாலாட்டு. ஆழி தூங்கியாச்சு, அலையும் தூங்கியாச்சு, அன்சிலாக் குட்டி மட்டும் யாருக்குக் காத்திருக்கு என்று ஜெனோவா தானாகவே கட்டி, அந்த வீட்டுக்கு வெளியே யாரும் பாடியிராத பாட்டு. பாட்டு வந்த திக்கில் பார்த்தால் தூரத்தில் ஒரு முதுகு எழும்பி மூச்சு விட்டது. அதற்கு நேர் எதிர்த் திக்கில் சின்னதாக இன்னொரு முதுகு, ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி.

"தாயும் பிள்ளையும்மா. தாய் கூப்புடுது. ஆனா இவ குரல்ல கூப்புடுது. பிள்ளைக்கு யாரோன்னு இருக்கு, அது கிட்ட வரமாட்டேங்குது."

வியாகுலம்மாள் ஆச்சரியப்படவில்லை. "திருவிழாக் கூட்டத்துல கோயில் வாசல்ல செருப்பு மாறிப்போறதில்லையா?" என்றாள். "அந்தத் தள்ளுமுள்ளுல கால்ல கிடைச்சத மாட்டிக்கிட்டு வருவோம்ல. கடலுக்குள்ள பத்துக்கு ஒரு அடி அடிச்சா குரல் எல்லாம் எங்க போவும்? வெளிய தெறிச்சு வந்திருக்கு. கிடைச்ச தொண்டையில ஏறிக்கிச்சு." மருமகளைத் திரும்பிப் பார்த்தாள். "ஏளா, அங்கயும் ஒரு பிள்ள பட்டினி கிடக்கு போல."

ஊர்த்தலைவர் கஸ்பார் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு, ஜெனோவாவையும் கூட்டிக்கொண்டு, கப்பல்காரர்களின் கரை ஆபீசுக்குப் போனார். அங்கிருந்த அதிகாரி நல்ல பையன், மரியாதையாக நாற்காலி போட்டான். இன்னும் நாலு மாசம்தான் வேலை, எல்லா அனுமதியும் இருக்கிறது, தண்ணீருக்கு அடியில் நடக்கிற சத்தம் யாரையும் தொந்தரவு செய்யாது என்றான். கஸ்பார், "நீ சொல்லும்மா" என்றார். ஜெனோவா இரண்டே வார்த்தை சொன்னாள், என்ன சொன்னாள் என்று எங்களுக்கும் தெரியாது. மேசை இரண்டு சாண் தள்ளிப் போய் நின்றது. அதிகாரி எழுந்து ஜன்னலைத் திறந்து வெளியே பார்த்துவிட்டு, பக்கத்தில் ஏதோ லாரி போகிறது என்று நோட்டில் குறித்துக்கொண்டான்.

அன்று சாயங்காலம் கோயில் முற்றத்தில் ஊர் கூடியது. காவல் வல்லங்களை நிறுத்தினால் கப்பல் நிற்கும், அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் நாங்கள் நிறுத்தினால் தெற்கூர் வல்லங்கள் காலையிலேயே கொடி கட்டிக்கொண்டு போய் நிற்கும், அதுவும் தெரியும். ஆளாளுக்குப் பேசி ஓய்ந்தபோது வியாகுலம்மாள் முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"துக்க மணி அடிச்சா?"

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. எந்த ஊரில் சாவு விழுந்தாலும் அந்தக் கோயிலில் துக்க மணி அடிப்பார்கள், அதைக் கேட்டு அடுத்த ஊரில் அடிப்பார்கள், அப்படியே ஊர் ஊராகப் போகும். அடக்கம் முடிகிற வரைக்கும் எந்த ஊர் இன்ஜினும் கடலில் ஓடக் கூடாது. கடலில் போனவனின் உடம்பு கிடைக்காவிட்டால் தேடுகிற வல்லம் மட்டும் போகலாம், அதுவும் துடுப்புப் போட்டுத்தான். இன்ஜின் ஓடினால் செத்தவன் பயந்து ஆழத்துக்குப் போய்விடுவான் என்பார்கள். இந்த வழக்கத்தை மீறிய வல்லத்தில் மறுபடி யாரும் கால் வைக்க மாட்டார்கள்.

"யாரு செத்தா மணி அடிக்க?" என்றார் கஸ்பார்.

"எம் மருமக குரல் செத்துச்சு. ஊரே கேட்ட குரல். இன்னைக்கு இல்ல. இதுக்குப் பேரு சாவு இல்லாம என்ன?"

"அம்மா," என்றார் பங்குசாமியார் மெதுவாக, "ஆத்துமா இருந்தாத்தான் அடக்கம். குரலுக்கு ஆத்துமா உண்டான்னு நான் எந்தப் புத்தகத்துலயும் படிக்கலையே."

"சாமி, போன வருசம் இதே கோயில்ல இவன இவளுக்குக் கட்டி வச்சீங்க. சம்மதமான்னு கேட்டீங்க. சம்மதம்னு சொன்னது எது? அந்தக் குரலை நம்பித்தான கல்யாணத்தையே புத்தகத்துல எழுதுனீங்க? அது செல்லும்னா இதுவும் செல்லும்."

பெண்கள் பக்கத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள், உடனே அடக்கிக்கொண்டார்கள். வியாகுலம்மாளின் தோளில் கிடந்த அன்சிலா அழாமல் கண்ணை மட்டும் திறந்து வைத்திருந்தாள், அந்தக் கண்ணை எல்லாரும் பார்த்தோம். சாமியார் எழுந்து, மணிக்கூண்டுச் சாவியை எடுத்து வரச் சொன்னார்.

விடிந்ததும் மணி அடித்தது. ஒரு அடி, நீளமான மௌனம், ஒரு அடி. தெற்கூரில் அடித்தது, அதற்கும் தெற்கே அடித்தது, வடக்கே உப்பளம் தாண்டி அடித்தது, வெகுதூரத்தில் காற்றா மணியா என்று தெரியாத அளவுக்கு மெல்லிசாக அடித்தது. கடலில் நின்ற வல்லங்கள் எல்லாம் ஒன்றொன்றாகத் திரும்பின. எட்டுக் காவல் வல்லங்களும் கொடியை இறக்கிக்கொண்டு திரும்பின. கொஞ்ச நேரத்தில் குடத்துத் தண்ணீரில் வளையம் விழுவது நின்றது. தண்ணீர் அப்படியே கண்ணாடி மாதிரி நின்றது, அதைப் பார்க்கவே எங்களுக்குப் பயமாக இருந்தது.

தேடுகிற வல்லம் ஒன்று போனது. தஸ்நேவிஸும் கயித்தானும் துடுப்புப் போட்டார்கள். நடுவில் வியாகுலம்மாள் செபமாலையோடு, முன்முனையான அணியத்தில் ஜெனோவா, மடியில் பிள்ளை. செத்தவனின் அம்மாவோ மனைவியோ அணியத்தில் உட்கார்ந்து அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போக வேண்டும், அதுதான் முறை. செத்த குரலின் பெயர் ஜெனோவா, கூப்பிட வேண்டியவளும் ஜெனோவா. அவள் தண்ணீரைப் பார்த்துக் குனிந்து வாயை மட்டும் திறந்தாள்.

அந்தச் சத்தம் எதிரில் ஒரு தடையும் இல்லாமல் போனதை வல்லத்தில் இருந்தவர்கள் உணர்ந்தார்கள். பத்தொன்பது நாளும் நாலு சுவருக்குள் முட்டிக்கொண்டு கிடந்தது, இப்போது தண்ணீருக்குள் இறங்கி, அதற்குத் தெரிந்த வழியில், அதன் வீட்டுக்குள் போவது போலப் போனது. கயித்தான் துடுப்பை நிறுத்திவிட்டு, "ஆ, இப்பத்தான் சரியா கேக்குது," என்றான். சூரியன் உச்சிக்கு வரும் வரைக்கும் அவள் கூப்பிட்டாள், ஒன்றும் வரவில்லை. அப்புறம் வல்லத்துக்குக் கீழே தண்ணீர் கறுத்தது.

குட்டி, குட்டி என்று சொல்கிறோம், அது வல்லத்தைவிட நீளம். மேலெல்லாம் கயிறு உராய்ந்த கீறல். ஒரு பக்கமாகச் சாய்ந்து, மாங்கொட்டை அளவு கண்ணால் ஜெனோவாவைப் பார்த்தது, பார்த்துவிட்டு அடியில் போய், வல்லத்தின் அடிப்பலகையை மூக்கால் முட்டி முட்டிப் பால் தேடியது. பலகை முழுக்கத் தேடியது. அணியத்திலிருந்து பின்முனைக் கடையாலுக்கும், கடையாலிலிருந்து அணியத்துக்கும். வியாகுலம்மாள், மாதாவே, மாதாவே என்று சொல்லிக்கொண்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், தான் எந்தப் பிள்ளைக்காக அழுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

அந்த நேரத்தில்தான் பலகையிலிருந்து பாட்டு வந்தது. தண்ணீரிலிருந்து, துடுப்பிலிருந்து, உட்கார்ந்திருந்த மரத்திலிருந்து, ஆழி தூங்கியாச்சு, அலையும் தூங்கியாச்சு என்று ஜெனோவாவின் குரல் அவள் வாயைத் தவிர எல்லா இடத்திலிருந்தும் வந்தது. அன்சிலா தலையைத் திருப்பினாள். கடலைப் பார்த்துக் கையை நீட்டி, உடம்பையே எட்டிப் போட்டாள், தஸ்நேவிஸ் பாய்ந்து பிடிக்காவிட்டால் தண்ணீருக்குள் விழுந்திருப்பாள். ஒரு பிள்ளை கடலுக்குள் போகப் பார்க்கிறது, ஒரு பிள்ளை வல்லத்துக்குள் வரப் பார்க்கிறது. ஜெனோவா மகளை இழுத்து மார்பில் அணைத்தாள். பாட்டு வந்துகொண்டிருந்தது. பிள்ளை பாட்டைக் கேட்டுக்கொண்டே வாயால் தேடி, பிடித்து, உறிஞ்சினாள். அந்த உறிஞ்சுகிற சத்தம் துடுப்புக்குத் திரும்பிய தஸ்நேவிஸுக்குக் கூடக் கேட்டது.

"ஏளா, போதும்னு இருந்துராத," என்றாள் வியாகுலம்மாள். "அதையும் கொண்டுபோய் விடணும்."

ஜெனோவாவுக்கு அதைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பிள்ளை மார்பில் இருக்கவே தண்ணீர்ப் பக்கம் குனிந்து கூப்பிட்டாள், குட்டி அவள் குரலுக்குப் பின்னால் வந்தது, வல்லம் பாட்டுக்குப் பின்னால் போனது. தாய் எழும்பியபோது கடலில் ஒரு மேடு முளைத்தது. அதன் மூச்சு அழுகின மீனும் மழையும் சேர்ந்த வாடையோடு அவர்கள் மேல் தூறலாக விழுந்தது. அது நகரவில்லை, பாடிக்கொண்டே கிடந்தது. குட்டி இரண்டுக்கும் நடுவில் தயங்கி நின்றது, ஜெனோவா கூப்பிடக் கூப்பிட அந்தப் பெரிய வயிற்றோரம் போய், முட்டி, பிடித்துக்கொண்டது. அவள் மூச்சு வாங்க நிறுத்தினால் குட்டி விட்டுவிடும். அங்கே பாட்டு நின்றால் அன்சிலா விட்டுவிடுவாள். அதனால் இருவரும் நிறுத்தவில்லை. வெயில் சாயும் வரைக்கும் ஒருத்தி மற்றவளின் பிள்ளையைக் கூப்பிட்டுக்கொண்டே தன் பிள்ளைக்குப் பால் கொடுத்தாள்.

குரல்கள் மாறிவிட வேண்டும் என்று வியாகுலம்மாள் ஐம்பத்து மூன்று மணியையும் மூன்று தடவை உருட்டினாள். மாறவில்லை. சரி, ஆண்டவர் சித்தம் என்று செபமாலையை மடியில் வைத்துக்கொண்டாள். வல்லம் திரும்பியது. கொஞ்ச தூரம் விட்டு அந்த மேடும் பின்னாலேயே வந்து, கடலடிப் பாறைத்திட்டான பாருக்கு வெளியே ஆழம் முடிகிற இடத்தில் நின்றுகொண்டது.

கரையில் ஊர் முழுக்க நின்றது. தேடப்போன வல்லம் திரும்பினால் ஊர்த்தலைவர் முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று கேட்பார், அதற்கு வல்லத்திலிருந்து பதில் சொல்ல வேண்டும். கிடைத்தது என்றால் அடக்கம், மறுநாள் கடல் திறக்கும், இன்ஜின் ஓடும், கப்பல் அடிக்கும். இது அங்கே நின்ற ஒவ்வொருவருக்கும் தெரியும். காவல் வல்லத்து எட்டு வீட்டுப் பெண்களும் முன்வரிசையில்தான் நின்றார்கள்.

"கிடைச்சுதா?" என்றார் கஸ்பார்.

வியாகுலம்மாள் ஐம்பத்தெட்டு வயதுக்குள் தெரிந்து ஒரு பொய் சொன்னவள் இல்லை. வல்லத்தில் எழுந்து நின்றாள். மருமகளின் மார்பில் அன்சிலா உதட்டில் பால் காயாமல் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"கிடைக்கல."

"நல்லாத் தேடுனீங்களா?"

"தேடுனோம்."

"சத்தம் ஏதும் கேட்டுச்சா?"

அந்தச் சமயத்தில் காற்று விழுந்திருந்தது, அலை சின்னதாக இருந்தது. பாருக்கு வெளியிலிருந்து பாட்டு கரைக்கே வந்தது, வார்த்தை வார்த்தையாக, அன்சிலாக் குட்டி மட்டும் யாருக்குக் காத்திருக்கு என்று. கஸ்பாரின் முழங்காலைச் சுற்றி வந்தது. மணலில் நின்ற எங்கள் உள்ளங்காலில் வந்தது. காவல் வல்லத்துப் பெண்களில் ஒருத்தி, அவள் வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் வைத்திருந்தாள், வல்லத்தில் தூங்குகிற பிள்ளையையே பார்த்துக்கொண்டு எங்கள் எல்லாருக்கும் முந்திக்கொண்டு சொன்னாள்:

"ஒண்ணும் கேக்கலயே."

"கேக்கல," என்றோம் நாங்கள். ஊர் முழுக்க, ஆண்களும் பெண்களும், சின்னப் பிள்ளைகளும் கூட. கயித்தான் மட்டும் புரியாமல் எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

அந்த வாரம் பாவசங்கீர்த்தனத்தில் வியாகுலம்மாள் முழங்காலில் இருந்து, கிடைத்ததைக் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டேன் சாமி, இதற்கு என்ன அபராதம் என்று கேட்டாளாம். "கிடைக்கிற வரைக்கும் தினமும் போய்த் தேடுங்கம்மா" என்றாராம் சாமியார். அவளேதான் எங்களிடம் சொன்னாள், சொல்லும்போது அழுதாள், சிரிக்கவும் செய்தாள்.

நாலாம் நாள் தெற்கூர், வடக்கூர்த் தலைவர்கள் எல்லாம் வந்தார்கள். உடம்பு கிடைக்காவிட்டால் மூன்றாம் நாள் செத்தவனின் சட்டையை வைத்து அடக்கம் பண்ணிக் கடலைத் திறப்பதுதானே முறை என்றார்கள். "குரலுக்கு ஏது அண்ணாச்சி சட்டை?" என்றார் கஸ்பார். அவர்கள் கோபப்பட்டார்கள், நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்கள். சாயங்காலம் வரைக்கும் இருந்து காப்பி குடித்துவிட்டுப் போங்கள் என்றோம். சாயங்காலம் கரையில் நின்று பாட்டைக் கேட்டார்கள், அந்தப் பாட்டுக்குப் பிள்ளை குடிப்பதைப் பார்த்தார்கள். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்கள், அவரவர் ஊரிலும் இன்ஜின் ஓடவில்லை.

அப்புறம் எப்படிப் பிழைத்தீர்கள் என்று கேட்பீர்கள். தேடப்போகிற வல்லம் துடுப்புப் போட்டுப் போகலாம் அல்லவா. முதலில் ஒரு வீடு தேடப்போனது, பிறகு ஊரே தேடப்போனது, அந்தக் கரையே தேடப்போனது. தேடுகிற கை சும்மா இருக்கக் கூடாது என்று ஒரு வலையும் போட்டு வைத்தார்கள். "தேடப்போன இடத்துல மீன் ஏறுனா அது மீன் செஞ்ச குத்தம்," என்பார் கஸ்பார். அமைதியில் கத்தாளை மறுபடி கத்த ஆரம்பித்திருந்தது. கஞ்சி கொஞ்சம் தண்ணீராகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. இன்ஜினை விற்றவர்களும் உண்டு, மகனைக் கேரளத்துக்கு வேலைக்கு அனுப்பி அழுதவர்களும் உண்டு.

கப்பல் தொடுவானத்தில் அசையாமல் நின்றது. அந்த அதிகாரிப் பையன் ஒரு நாள் நேரிலேயே வந்தான். கஸ்பார் வீட்டில் உட்கார வைத்தோம்.

"அடக்கம் எப்போங்க?"

"கிடைக்கணும்ல சார்."

"இறந்தது யாருன்னு சொன்னா நாங்களும் ஒரு மாலை..."

"ஜெனோவாவோட குரல்."

"ஜெனோவா யாரு?"

"இப்ப உங்களுக்கு டீ குடுத்துட்டுப் போச்சே, அந்தப் பிள்ளதான்."

அவன் டீயைப் பார்த்தான், குடிக்காமல் கீழே வைத்தான். அந்த மாசக் கடைசியில் ஒரு காலையில் பார்த்தால் தொடுவானத்தில் கப்பல் இல்லை.

சாயங்காலம் தோறும் ஜெனோவா பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் போய் நிற்பாள். அவள் கூப்பிடுவாள், பாருக்கு வெளியே குட்டி பால் குடிக்கும். அங்கிருந்து பாட்டு வரும், இங்கே அன்சிலா குடிப்பாள். நாங்கள் கரையில் செபமாலை சொல்வோம், நனைந்த சேலையோடு அவள் வரும்போது துண்டு கொடுப்போம். அன்சிலா புரண்டாள், தவழ்ந்தாள், கன்னத்தில் சதை போட்டாள். ஆனால் அந்தப் பாட்டு இல்லாமல் ஒரு வாய் குடித்ததில்லை. மழைக்காலம் வந்தால் அந்தத் தாய் ஆழத்துக்குப் போய்விடுமே, அன்றைக்கு என்ன செய்வோம் என்று ஒவ்வொரு மாலையும் நினைப்போம், யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டோம்.

ஐப்பசி தொடங்கி, கிழக்கே மேகம் கட்டியிருந்த ஒரு மாலையில் அவள் கூப்பிட்டாள், குட்டி வரவில்லை. மறுபடி கூப்பிட்டாள். தூரத்தில் தாய் பாடியது, பாடிக்கொண்டே வெளியே, கிழக்கே நகர்ந்தது, சின்ன முதுகு ஒரு தடவை நின்றது போலத் தெரிந்தது, பிறகு அந்தத் தாலாட்டுக்குப் பின்னாலேயே போனது. இத்தனை மாசமும் அந்தப் பாட்டு கேட்டுக்கொண்டேதானே அதுவும் குடித்தது. அதுதான் அதற்கு அம்மா இப்போது. பாட்டு மெலிந்தது. ஆழி தூங்கியாச்சு என்பது வரைக்கும் கேட்டது, மீதி கேட்கவில்லை.

அன்சிலா குடிப்பதை நிறுத்தினாள். தலையைத் தூக்கிக் கடலைப் பார்த்தாள். உதடு பிதுங்கியது. கரையில் செபம் நின்றுவிட்டது, யார் நிறுத்தச் சொன்னது என்று தெரியாது. கடலில் தேடப்போன நாளிலிருந்து ஜெனோவா அந்தக் குரலைத் தன் பிள்ளையைப் பார்த்து ஒரு நாளும் திறந்ததில்லை, தண்ணீரைப் பார்த்துத்தான் திறப்பாள், முதல் நாள் பயம் அவளுக்கு இன்னும் போகவில்லை. இப்போது தண்ணீரைப் பார்க்கவில்லை. மகளின் முகத்தைப் பார்த்து, உதட்டை மூடிக்கொண்டு, தொண்டைக்குள்ளேயே, வார்த்தை இல்லாமல், அந்தப் பாட்டின் ராகத்தை முனகினாள். மணலில் எங்கள் முழங்கால் நடுங்கியது. அவளைச் சுற்றித் தண்ணீர் சின்னச் சின்னதாகக் குதித்தது.

பிள்ளை அவள் தொண்டையில் கையை வைத்தாள். உள்ளே ஓடுவதைக் கொஞ்ச நேரம் விரலால் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, வெகுநாளாய்த் தெரிந்தவளிடம் வருகிற மாதிரி, அம்மாவின் மார்பில் முகத்தைப் புதைத்துக் குடிக்க ஆரம்பித்தாள்.